பயிற்சியாளரின் கண் எங்கே போகிறது? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டும் ‘தகுதி’ என்னும் வாதமும்

2025ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிபதி கிளாடியா வில்கன், ஹவுஸ் வழக்கு என அறியப்படும் வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டுக்கு ஒப்புதல் வழங்கினார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., தன் பழைய விதிகளால் வருமானம் இழந்த வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு தர இணங்கியது. பல்கலைக்கழகங்கள் இனித் தம் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். 2025-26 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை இவ்வாறு பகிர்ந்தளிக்கலாம். கோடிகள் புரளும் ஆட்டத்தில் ஆடுபவருக்கு மட்டும் கூலி கிடையாது என்ற பழைய ஏற்பாடு இத்துடன் ஆட்டம் கண்டிருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான்.

ஆயினும் இந்தப் பணத்தைப் பற்றிய பேச்சில் அமுங்கிப்போன ஒரு கேள்வியை நாம் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். அந்த மைதானத்தின் வாசலுக்குப் பள்ளி மாணவர் ஒருவர் எப்படி வந்து சேர்கிறார்? ஆயிரக்கணக்கான பள்ளிகளில் ஓடும், தாண்டும், எறியும் பிள்ளைகளில் கல்லூரிப் பயிற்சியாளரின் கண்ணில் படுபவர் யார்? ‘திறமை இருந்தால் யாராவது கண்டுகொள்வார்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இடஒதுக்கீட்டை எதிர்ப்போர் நம்மிடம் ஓயாமல் சொல்லும் வாக்கியத்தின் மறுவடிவம் இது. எனவே அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் புரிந்துகொள்வது நமக்கு அயல்நாட்டுச் செய்தியை அறிவதோடு முடிந்துவிடுவதில்லை.

பார்வைக்கு வைக்கப்படும் கட்டணம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு அணிகளில் சேர்வோர் எண்ணிக்கை ஏறத்தாழ 80 லட்சம். இவர்களில் கல்லூரி அணியில் ஆடும் வாய்ப்பைப் பெறுவோர் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். விளையாட்டுக்கென உதவித்தொகை பெறுவோர் நூற்றுக்கு இருவர் என்ற அளவிலேயே நிற்கின்றனர். என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும், ஹார்வர்டு முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்களைக் கொண்ட ஐவி லீக்கும் விளையாட்டு உதவித்தொகையே வழங்குவதில்லை.

எந்தப் பயிற்சியாளராலும் எல்லாப் பள்ளிகளுக்கும் நேரில் போக முடியாது. ஒரே நாளில், ஒரே இடத்தில், நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களைப் பார்க்க முடிகிற இடத்தைத் தேடித்தான் அவர் போவார். பல விளையாட்டுகளில் அந்த இடம் பள்ளி மைதானமாக இருப்பதில்லை. தனியார் கிளப் அணிகள் ஊர் ஊராகச் சென்று ஆடும் போட்டிகளும், பயிற்சியாளர்கள் பார்ப்பதற்கென்றே நடத்தப்படும் காட்சிப் போட்டிகளும், பல்கலைக்கழக வளாகங்களில் கட்டணம் வாங்கி நடத்தப்படும் கோடை முகாம்களுமே அந்த இடங்கள். கிளப்பில் சேரப் பணம் வேண்டும். விமானம், விடுதி, சீருடை, தனிப் பயிற்சி என ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். ஆட்டத்தின் சிறந்த தருணங்களைத் தொகுத்துக் காணொளியாக அனுப்ப வேண்டும். மகனையோ மகளையோ வார இறுதிகளில் முந்நூறு மைல் ஓட்டிச் செல்ல வேலையிலிருந்து விடுப்பு கிடைக்கும் பெற்றோர் வேண்டும். ஆஸ்பென் நிறுவனத்தின் கணக்கெடுப்பின்படி, 2024இல் ஒரு குடும்பம் பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்காக மட்டும் சராசரியாக 1,016 டாலர் செலவிட்டது. 2019ஐ விட இது 46 விழுக்காடு அதிகம். இது சராசரிதான். பயிற்சியாளர்கள் பார்க்கும் மட்டத்தில் ஆடும் குடும்பங்களின் செலவு இதைப் பல மடங்கு தாண்டும்.

பணத்துக்கு அடுத்ததாகத் தகவல் வருகிறது. பெரும்பாலான முதல் பிரிவு விளையாட்டுகளில், மாணவர் பத்தாம் வகுப்பை முடிக்கும் ஆண்டின் ஜூன் 15 வரை பயிற்சியாளர் அவருடன் தானாகத் தொடர்புகொள்ளக் கூடாது. ஆனால் மாணவர் பயிற்சியாளருக்கு எழுதத் தடையில்லை. முதல் பிரிவில் ஆட வேண்டுமெனில் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களைக் குறிப்பிட்ட முறையில் முடித்திருக்க வேண்டும். இவற்றை ஒன்பதாம் வகுப்பிலேயே அறிந்திருக்கும் பிள்ளைக்கும், பள்ளி முடியும் தறுவாயில் முதன்முதலாகக் கேள்விப்படும் பிள்ளைக்கும் இடையே ஓட்டத் திறனில் எந்த வேறுபாடும் இல்லாமல் இருக்கலாம். முதல் பிள்ளையின் வீட்டில் கல்லூரிக்குப் போன ஒருவர் இருந்தார். இரண்டாம் பிள்ளையின் வீட்டில் இல்லை. அவ்வளவுதான்.

இப்போது நிலைமை மேலும் இறுகியிருக்கிறது. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாறலாம் என விதிகள் 2021இல் தளர்த்தப்பட்ட பின், பதினேழு வயதுப் பள்ளி மாணவரை வளர்த்தெடுப்பதைவிட, வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிப் பழகிய இருபது வயதுக்காரரைச் சேர்ப்பதே பயிற்சியாளர்களுக்கு வசதியாகிவிட்டது. ஹவுஸ் உடன்பாடு உதவித்தொகைகளின் எண்ணிக்கை மீதான வரம்பை நீக்கி, அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. உதவித்தொகை இல்லாமல் அணியின் ஓரத்தில் இடம்பிடித்துத் தன்னை நிரூபித்துக்காட்டும் வாய்ப்பு இதனால் சுருங்குகிறது. தாமதமாகக் கண்டறியப்படும் பிள்ளைகள் நுழைந்துவந்த வழி அதுதான்.

சலுகை எது, தகுதி எது?

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மீதான வழக்கில், சேர்க்கையின்போது இனத்தைக் கணக்கில் கொள்வது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. தகுதிக்குக் கிடைத்த வெற்றி என்று அதை எடுத்துக்காட்டுவோர் நம் நாட்டிலும் உண்டு. அவர்கள் அந்த வழக்கின் சாட்சியங்களைப் படிக்க வேண்டும் என்று நாம் பரிந்துரைக்கிறோம்.

ஹார்வர்டின் சேர்க்கைக் கோப்புகள் அந்த வழக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. பயிற்சியாளர் பரிந்துரைத்த விளையாட்டு வீரர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு இடம் கிடைத்தது. இத்தகைய எந்தச் சலுகையும் இல்லாத பிற விண்ணப்பதாரர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவாகவே இடம் கிடைத்தது. விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர்களுக்கு வேண்டியவர்கள், பேராசிரியர்களின் பிள்ளைகள் ஆகியோர் விண்ணப்பித்தோரில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. சேர்க்கப்பட்டோரில் ஏறத்தாழ 30 விழுக்காடு. பொருளியலாளர் பீட்டர் ஆர்சிடியகோனோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தத் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, சேர்க்கப்பட்ட வெள்ளையின மாணவர்களில் 43 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் இந்த நான்கு வகைகளில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். கறுப்பின, ஆசிய, ஹிஸ்பானிய மாணவர்களிடையே இந்த அளவு தனித்தனியே 16 விழுக்காட்டுக்கும் கீழே. அச்சலுகை இல்லாதிருந்தால் அந்த வெள்ளையினத்தவரில் நான்கில் மூன்று பங்கினருக்கு இடம் கிடைத்திருக்காது என்றும் அவர்கள் கணித்தனர். ஆர்சிடியகோனோ அந்த வழக்கில் ஹார்வர்டை எதிர்த்தவர்களின் தரப்பு நிபுணர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விளையாட்டுச் சலுகை எப்படி வெள்ளையர் சலுகையாகிறது என்று வியப்போர், எந்த விளையாட்டு என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். தொலைக்காட்சியில் நாம் காணும் கூடைப்பந்தும் அமெரிக்கக் கால்பந்தும் மட்டும் அங்கே கல்லூரி விளையாட்டு அல்ல. ஹார்வர்டில் 42 அணிகள் இருக்கின்றன. துடுப்புப் படகு, பாய்மரப் படகு, ஸ்குவாஷ், வாள்வீச்சு, நீர்ப்பந்து, கோல்ஃப் என அவற்றில் பல, வசதியான புறநகர்களிலும் தனியார் பள்ளிகளிலும் மட்டுமே கற்க வாய்ப்புள்ளவை. சிகாகோவின் தெற்குப் பகுதியில் வளரும் கறுப்பினச் சிறுமிக்குப் பாய்மரப் படகு விடும் திறமை பிறவியிலேயே இருக்கிறதா என்பதை எவரும் அறியப்போவதில்லை. அவளுக்கு அருகில் படகு இல்லை. இனச் சலுகையை எதிர்த்த தரப்புக்கு ஆதரவாக வாக்களித்த நீதிபதி கோர்சச்சே, தம் தனித் தீர்ப்பில், இத்தகைய சலுகைகளால் பெரிதும் பயனடைவோர் வெள்ளையரும் செல்வந்தருமே என்று குறிப்பிட்டார். ஆயினும் தீர்ப்பு அவற்றைத் தொடவில்லை. நானூறு ஆண்டு ஒடுக்குமுறைக்கு ஈடாகத் தரப்பட்ட சிறு கைதூக்கல் அரசமைப்புக்கு முரணானது என்றானது. படகுத்துறை வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தரப்படும் பெரிய கைதூக்கலுக்குத் தகுதி என்று பெயர் நிலைத்தது.

பக்கவாசல்

இந்த ஏற்பாட்டின் உள்ளடக்கத்தை 2019 மார்ச்சில் வெடித்த ஊழல் நாடறியக் காட்டியது. ரிக் சிங்கர் என்னும் சேர்க்கை ஆலோசகர் பணக்காரப் பெற்றோரிடம் பெருந்தொகை பெற்று, அவர்தம் பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டிப் பல்கலைக்கழகங்களில் சேர்த்துவந்தார். அவரே அதற்கு வைத்த பெயர் ‘பக்கவாசல்’. யேலின் பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர், ஸ்டான்ஃபோர்டின் பாய்மரப் படகுப் பயிற்சியாளர், ஜார்ஜ்டவுனின் முன்னாள் டென்னிஸ் பயிற்சியாளர் ஆகியோர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். உண்மையான வீரர்களின் படங்களில் இந்தப் பிள்ளைகளின் முகங்கள் ஒட்டப்பட்டன. நடிகை லோரி லாஃப்லினும் அவருடைய கணவரும் 5 லட்சம் டாலர் கொடுத்துத் தம் இரு மகள்களைத் துடுப்புப் படகு வீராங்கனைகளாகக் காட்டினர். இருவரும் அந்த விளையாட்டை ஆடியவர்கள் அல்லர். 2023 ஜனவரியில் சிங்கருக்கு மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் இதில் இரண்டு செய்திகளை நாம் கவனிக்கிறோம். ஒன்று, விற்பனைக்கு வந்தது பயிற்சியாளரின் பட்டியலில் ஓர் இடம். எழுத்துவடிவில் அளவுகோல் இல்லாமல், எவரும் திரும்பிப் பார்க்காத பட்டியலாக அது இருந்ததால்தான் அதற்கு விலை வைக்க முடிந்தது. இரண்டு, வழக்கில் ஏமாற்றப்பட்ட தரப்பாகக் காட்டப்பட்டவை பல்கலைக்கழகங்கள். அந்த இடத்தில் உண்மையாகவே படகு விட்டு, பந்து உதைத்துச் சேர்ந்திருக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த வழக்கில் பெயர் இல்லை. பார்க்கப்படாமல் விடப்பட்டவருக்குத் தாம் விடப்பட்டோம் என்பதே தெரியாது. ஆகவே அவர் நீதிமன்றப் படி ஏறுவதும் இல்லை.

பார்த்த பிறகும் நீளும் தடை

கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் கறுப்பின இளைஞர்கள் பார்க்கப்படுகிறார்களே என்ற கேள்வி எழலாம். அந்தப் பார்வையின் வரலாறு குறுகியது. 1960களின் நடுப்பகுதி வரை தெற்கு மாநிலங்களின் பெரும் பல்கலைக்கழக அணிகள் கறுப்பினப் பள்ளிகளின் பக்கம் திரும்பவில்லை. கிராம்ப்ளிங் கல்லூரியின் எடி ராபின்சன் போன்ற கறுப்பினப் பயிற்சியாளர்களே அப்பிள்ளைகளைக் கண்டெடுத்தனர். 1966இல் நாஷ்வில் நகரின் பேர்ல் உயர்நிலைப் பள்ளி டென்னசி மாநிலக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பள்ளியானது. அந்த அணியின் பெரி வாலஸ், அதே நகரிலுள்ள வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1967இல் தென்கிழக்கு லீக்கின் முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரராகக் களமிறங்கினார். எதிரணி ஊர்களில் வசவுகளையும் அச்சுறுத்தல்களையும் தாங்கினார். பின்னாளில் சட்டப் பேராசிரியரானார். பள்ளிகள் ஒருங்கிணைக்கப்பட்டபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. வேலையிழந்தோரில் கறுப்பினப் பயிற்சியாளர்களும் உண்டு. பிள்ளைகளை அறிந்த கண்கள் அகற்றப்பட்டு, அவர்களின் உடல்வலிமையை மட்டும் எடைபோடும் கண்கள் வந்தன.

அப்படித் தேர்வானவர்களின் முன்னும் மதிப்பெண் வேலி போடப்பட்டது. 1983இல் என்.சி.ஏ.ஏ. ஏற்ற 48ஆம் தீர்மானம், முதலாண்டிலேயே ஆடுவதற்கு எஸ்.ஏ.டி. தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும் என்றது. அதன் சுமை கறுப்பின மாணவர்கள் மீதே பெரிதும் விழுந்தது. அடுத்துவந்த கடுமையான விதியை எதிர்த்து 1989 ஜனவரியில் ஜார்ஜ்டவுன் பயிற்சியாளர் ஜான் தாம்சன் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் களத்தை விட்டு வெளியேறினார். பின்னர் வந்த 16ஆம் தீர்மானத்தை எதிர்த்து ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பின மாணவர்கள் தொடுத்ததே குரேட்டன் வழக்கு. நன்றாகப் படித்துப் பள்ளியை முடித்தவர்கள் அவர்கள்; ஒற்றைத் தேர்வின் மதிப்பெண் அவர்களைத் தடுத்தது. 1999 மார்ச்சில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், விதி இனரீதியாகப் பாதகமான விளைவைக் கொண்டது எனக் கூறி அதைத் தடை செய்தது. அதே ஆண்டின் இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. விதி நியாயமானது என்று அது சொல்லவில்லை, என்.சி.ஏ.ஏ. அந்த வகையில் கூட்டாட்சி நிதி பெறும் அமைப்பு அன்று என்பதால் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்றது. 2001இல் சாண்டோவல் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதகமான விளைவை மட்டும் காட்டித் தனிநபர்கள் அச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்க முடியாது எனக் கூறி அந்தக் கதவையும் சாத்தியது. 2023 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. தேர்வு மதிப்பெண் நிபந்தனையை அடியோடு கைவிட்டது. இடையில் கழிந்தவை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்.

நம் மைதானங்கள்

இந்த வரலாறு நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. புனேயில் ஐரோப்பியர் மைதானத்தில் வேலைபார்த்தபடி அவர்களுக்குப் பந்து வீசிய பல்வங்கர் பாலுவை, ஐரோப்பியரை வெல்ல வேண்டிய தேவை வந்த பிறகே இந்து அணி அழைத்தது. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய அவர் கடைசிவரை இந்து அணியின் தலைவராக்கப்படவில்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றபோது, வந்தனா கட்டாரியாவின் வீட்டின் முன் வெடி வெடித்துச் சாதிப் பெயர் சொல்லி இழிவுசெய்தனர். தேவைப்படும்போது அழைக்கவும், தோற்றால் சாதியை நினைவூட்டவும் நம் சமூகத்துக்கும் தெரியும்.

சட்டத்தில் நமக்கு ஒரு வலுவான பிடி கிடைத்திருக்கிறது. சண்டிகரின் பஞ்சாப் பொறியியல் கல்லூரி, விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரவும் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என விதித்திருந்தது. 2023 ஆகஸ்டில் தேவ் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. விளையாட்டு ஒதுக்கீட்டின் நோக்கம் விளையாட்டை வளர்ப்பதே. பொதுப் பிரிவுக்கான மதிப்பெண் அளவுகோலை அதன் மீது ஏற்றுவது அந்த நோக்கத்தையே அழித்து, சமத்துவத்துக்கு முரணாகும் என்பதே தீர்ப்பின் சாரம். குரேட்டன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிர்கொள்ளாமல் விட்ட கேள்விக்கு, நம் அரசமைப்பின் 14ஆம் பிரிவு விடை தந்திருக்கிறது.

ஆனால் மதிப்பெண் வேலிக்கு முன்னால் நிற்கும் சான்றிதழ் வேலி அப்படியே இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் எடைபோடப்படுவது சான்றிதழ். குறுவட்டம், மாவட்டம், மாநிலம், தேசியம் என ஒவ்வொரு படியும் ஒரு பயணம். ஒவ்வொரு பயணத்துக்கும் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் காலணியும் கூலி இழக்கும் பெற்றோரும் உண்டு. உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியின் பிள்ளை முதல் படிக்கே போவதில்லை. கோல்ஃப், டென்னிஸ், துப்பாக்கிச் சுடுதல், நீச்சல் ஆகியவற்றின் சான்றிதழும் கபடி, ஓட்டம் ஆகியவற்றின் சான்றிதழும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும்போது, முன்னதில் எத்தனை பேர் போட்டியிட்டனர், பின்னதில் எத்தனை பேர் போட்டியிட்டனர் என்று கேட்பாரில்லை. தனியார் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் கைகாட்டுபவருக்குக் கட்டணமும் விடுதியும் இலவசம். அவர் யாரை, எங்கே பார்த்தார் என்பதற்குப் பதிவு கிடையாது. சிங்கர் விலைக்கு வாங்கிய பட்டியலின் இயல்பும் இதுதான்.

மாற்றுச் சான்றும் நம்மிடம் இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகா, சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரைச் சேர்ந்தவர். அந்த நகருக்குள்ளேயே பயிற்சி நடந்ததால் அவர் பார்க்கப்பட்டார். பயிற்சியாளர் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வந்தால் என்ன நிகழும் என்பதற்கு இதைவிட வேறு ஆய்வு தேவையில்லை.

ஆகவே நம் கோரிக்கைகளைத் திட்டமாக வைப்போம். முதலாவதாக, அரசு, அரசு உதவிபெறும், தனியார் கல்லூரிகள் அனைத்தும் விளையாட்டுத் தேர்வின் அளவுகோலை எழுத்தில் வெளியிட வேண்டும். தேர்வு நாளை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்பட எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இரண்டாவதாக, விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தோரின் விவரத்தைப் பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிரிவு என ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மூன்றாவதாக, மாவட்டப் படியிலிருந்தே பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் பயணச் செலவையும் உணவையும் அரசு ஏற்க வேண்டும். நான்காவதாக, சான்றிதழுக்கு மட்டும் எடை தராமல் நேரடித் திறன் தேர்வுக்கும் குறிப்பிடத்தக்க மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.

இவற்றுக்காக அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசின் கணிசமான நிதியில் இயங்கும் கல்லூரிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதை உச்ச நீதிமன்றம் 2019இல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் தெளிவாக்கியது. கடந்த மூன்று ஆண்டுகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தோர் எத்தனை பேர், எந்தெந்த விளையாட்டில், எந்தெந்தச் சமூகப் பிரிவிலிருந்து, எந்த அளவுகோலின்படி என்ற நான்கு கேள்விகளுடன், ஒவ்வொரு கல்லூரியிலும் பயிலும் தோழர் ஒருவர் தம் கல்லூரிக்கே விண்ணப்பம் அனுப்பலாம். வரும் விடைகளை ஒன்றாகத் தொகுத்தால், நம் மாநிலத்தில் பயிற்சியாளர்களின் கண் எங்கே போகிறது, எங்கே போவதில்லை என்பதற்கான முதல் ஆவணம் நம் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகும் பொறுப்பு எம்மைப் போன்ற வழக்கறிஞர்களுடையது.